மீன்கூடைக்குத் திறந்த பாதை

எங்கள் நில அளவையர் சங்கம் இந்த ஆண்டு ஒரு மலர் போடுகிறது. ஓய்வுபெற்றவர்கள் ஆளுக்கொரு அனுபவம் எழுதித் தரவேண்டுமாம். செவிலிமேட்டில் என் வீட்டுக்கு அதைக் கேட்க வந்த பெண் இப்போது காஞ்சிபுரத்தில் சர்வேயராக இருக்கிறார். "மேடம், பென்ஷன் கொறைய மட்டும் எழுதிடாதீங்க. அது ஏற்கெனவே நெறைய வந்துடுச்சி" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பிறகு தன் பையைத் திறந்து, செயற்கைக்கோளைப் பார்த்து அளக்கும் புதுக் கருவியைப் பெருமையோடு காட்டினார்.

"காணாமப் போன எல்லக் கல்லு எங்க இருந்துதுன்னு இதுவே காட்டிக் குடுத்துடும் மேடம்."

"கல்லே நடாத எடமா இருந்தா?" என்று கேட்டேன்.

"அப்ப நம்மதான் போயி பேசணும்" என்று சிரித்தார்.

அப்படிப் போய்ப் பேசி, கல்லே இல்லாத இடத்தில் கல் நட்ட ஒரு கதை என்னிடம் இருக்கிறது. அதை எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அளவுச் சங்கிலியை இழுத்துப் பிடிக்க உடம்பில் வலு போதாது என்று என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. பயிற்சி முடிவதற்குள் அவர்கள் சிரிப்பும் முடிந்துவிட்டது. அதற்குமேல் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வெயிலைத் தவிர. நெசவுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டுக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இருந்தேன். வீட்டில் கணவரின் தம்பி குமரன் தறி போட்டிருந்தான். நான் காலையில் சோற்றைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன். அப்போது எங்கள் மாவட்டத்துக்குக் கடற்கரை இருந்தது. பிறகு மாவட்டம் பிரிந்து கடல் பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விட்டது. பிரிவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, கடலோர வட்டம் ஒன்றில் எனக்கு வேலை.

அங்கே தாசில்தாராக இருந்தவர் மரியதாஸ் ஐயா. அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தகராறு நடக்கும் இடத்துக்கு அவர் போனால் முதலில் மனு கொடுத்தவர் பக்கம் போக மாட்டார். யார்மேல் மனுவோ அவர் வீட்டுக்குப் போய் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடிப்பார். பிறகு இரு தரப்புக்கும் நடுவில் ஏதாவது மரத்தடியில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுப்பார். ஒவ்வொரு காயாக உடைத்துத் தின்பார். கத்துகிறவர்கள் கத்துவார்கள். இடையிடையே "அப்பறம்?" என்று மட்டும் கேட்பார். பொட்டலம் தீர்வதற்குள் பெரும்பாலும் அவர்களுக்குத் தொண்டை வற்றியிருக்கும். ஐயா கையைத் தட்டிக்கொண்டு எழுந்திருப்பார். அப்போதுதான் விசாரணை தொடங்கும்.

"இது இன்னா சார் முறை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கோவத்துல வர்ற பேச்சு எல்லாம் ஏற்கெனவே எழுதி வச்ச பேச்சும்மா. அது தீந்தாதான் உண்மை வெளிய வரும். கடல வாங்கிக்கோ" என்றார்.

ஒரு நாள் மீனவர் குப்பத்திலிருந்து மீன்காரப் பெண்கள் ஒரு கூட்டமாக அலுவலகத்துக்கு வந்தார்கள். முன்னால் நின்றவர் அஞ்சலை. கரையிலிருந்து பெரிய ரோட்டுக்கு மீனைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து, பஸ் பிடித்துச் சந்தைக்குப் போகிறவர். அவர் குரல் மாடிவரை கேட்டது.

"நாங்க நடந்த வழில செவுரு வச்சிட்டாங்கய்யா. இப்ப சுத்திக்கினு வந்தா பஸ்ஸு போயிடுது. மதியத்துக்கு மேல மீன யாரு வாங்குவா? பூனதான் வாங்கும்."

கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு பெரிய சவுக்குத்தோப்பு. அதை விலைக்கு வாங்கிய ஒருவர் சுற்றிலும் மதில் எழுப்பிவிட்டார். மீன்காரப் பெண்களுக்கு மட்டுமல்ல அந்த வழி. ரோட்டுக்கு மேற்கே இருந்த விவசாய ஊரிலிருந்து மாசி மகத்துக்குச் சாமி பல்லக்கில் கடலாட வருவதும் அந்தத் தோப்பு வழியாகத்தான். அந்த ஊரின் காலனியிலிருந்து கரைவலை இழுக்கக் கூலிக்குப் போகிறவர்களும் அதே வழிதான். எல்லார் வழியும் ஒரே நாளில் அடைபட்டுவிட்டது.

நான் பதிவேடுகளையும் புலப்படத்தையும் எடுத்துப் பார்த்தேன். பாதை என்று எங்கேயும் இல்லை. அந்தத் தோப்பு முழுவதும் பட்டா நிலம். மக்கள் காலங்காலமாக நடந்தார்கள், முந்தைய உரிமையாளர்கள் யாரும் தடுக்கவில்லை, அவ்வளவுதான். நீண்ட நாள் நடந்த வழக்கத்தைச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போகலாம். தடையை அகற்றச் சொல்லிக் கோட்டாட்சியருக்கு எழுதலாம். அவர் உத்தரவு போட்டால் எதிர்த்தரப்பு தடையுத்தரவு வாங்கும். அது முடிவதற்குள் அஞ்சலையின் பேத்தி கூடை சுமக்கும் வயதுக்கு வந்துவிடுவாள்.

நோட்டீஸ் தயார் செய்ய உரிமையாளர் பெயரைப் படித்தபோது என் கை நின்றுவிட்டது. காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் பட்டுக்கடை வைத்திருக்கும் தணிகாசலம். என் கல்யாணப் புடவையே அவர் கடையில் எடுத்ததுதான். அதைவிடப் பெரிய சங்கதி, என் மைத்துனன் குமரன் அவருக்குத்தான் நெய்துகொண்டிருந்தான். தறியில் ஏற்றும் பாவு நூல், பட்டு, சரிகை எல்லாம் அவர் கடையிலிருந்து வரும். நெய்த சேலை அங்கேயே போகும்.

நேரே ஐயாவிடம் போனேன். "சார், இந்த வேலைய வேற யாருக்காவது குடுங்க" என்று காரணத்தைச் சொன்னேன்.

அவர் கேட்டது ஒன்றுதான். "அதனால உன் அளவுல வித்தியாசம் வருமா?"

"வராது சார்."

"அப்ப நீயே அள. நாளைக்கி யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. அதுக்கு நான் ஒரு வழி பண்றேன்." என் உறவைக் குறிப்பிட்டு மேலதிகாரிக்கு அன்றே எழுதினார். நான் அளந்த பிறகு பக்கத்து வட்டத்துச் சர்வேயர் வந்து அதே இடத்தை மறுபடி அளந்து சரிபார்க்க வேண்டும் என்றும் உத்தரவு வாங்கினார். நான் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டேன்.

நிம்மதி ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததும், புதுப் பாவு வாங்கக் கடைக்குப் போன குமரன் வெறுங்கையோடு திரும்பினான். "இப்ப பாவு இல்லியாம். கெடச்சா சொல்லி அனுப்புறாங்களாம்" என்றான். அடுத்த தெருக்காரருக்கு அதே நாளில் பாவு கொடுத்திருந்தார்கள். என் மாமியார் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். தட்டில் சோறு மட்டும் வந்து விழும். தறி ஓசை இல்லாத வீட்டில் என் செருப்புச் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது.

"நான் எழுதிக் குடுத்துட்டு லீவுல போயிடட்டுமா, குமரா?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு அண்ணி? பாவு இந்தக் கட இல்லன்னா சொசைட்டில இருக்குது. அந்தப் பொம்பளைங்களுக்கு வேற வழி இருக்குதா?" என்றான். மறுநாளே கூட்டுறவுச் சங்கத்தில் பேசி ஒரு பாவை வாங்கிவந்து தறியில் ஏற்றிவிட்டான். அவன் என்னைவிட வயதில் சின்னவன். அன்று அவனைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது. கும்பிட்டால் கிண்டல் செய்வான் என்று விட்டுவிட்டேன்.

தல விசாரணை நாள் வந்தது. முன்னதாகவே ஊரில் தண்டோரா போட்டு, அக்கம்பக்கத்து நிலக்காரர்களுக்கும் தகவல் கொடுத்திருந்தோம். ஐயா வழக்கம்போல நேராகத் தோப்புக்குள் போய்த் தணிகாசலத்திடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். தோப்பின் நடுவே தணிகாசலம் ஓர் அழகான கீற்றுக் கொட்டகை போட்டிருந்தார். கடல்காற்று சுகமாக வரும். அங்கே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

அவர் கெட்டவர் இல்லை என்பதை முதல் பேச்சிலேயே தெரிந்துகொண்டேன். "நான் ஏங்க வழிய அடைக்கப் போறேன்? சனி, ஞாயிறு ஆனா மெட்ராஸ்லருந்து காருங்க உள்ள பூந்துடுது. பாட்டில ஒடைக்கிறானுங்க. பொண்ணு, பேரப் புள்ளைங்க வந்து வெறுங்கால்ல நடக்க முடியல. அதான் செவுரு" என்றார். காலில் கண்ணாடி ஏறிய தழும்பைக் காட்டினார்.

பிறகு நான் வழியைக் காட்டச் சொன்னேன். அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. மேற்கே இருந்த விவசாய ஊரின் முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் ஏழுமலை தெற்கே கையை நீட்டினார். "சாமி போறது இப்பிடி." குப்பத்துப் பெரியவர் வடக்கே கையை நீட்டினார். "அது இன்னிக்கிப் பொறந்த பேச்சு. வழி இப்பிடி." கூட்டத்தில் இருந்த ஒருவர் இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்றைக் காட்டினார். மணல் நிலம். மழைக்கு மழை தடம் அழிந்துவிடும். கொஞ்ச நேரத்தில் வழிகேட்டு வந்தவர்களே ஒருவருக்கொருவர் சட்டையைப் பிடிக்கும் நிலை.

தணிகாசலம் காபித் தம்ளரை வைத்துவிட்டுச் சிரித்தார். "மொதல்ல நீங்க எல்லாரும் சேந்து ஒரு வழியச் சொல்லுங்கய்யா. அப்பறமா எங்கிட்ட கேக்கலாம்."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் சொன்னது நியாயம். எங்கே என்று தெரியாத பாதையை நான் எப்படி அளப்பது?

ஐயா சவுக்கு மரத்தடியில் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். பொட்டலம் தீர்ந்தது. எழுந்து வந்தார்.

"அஞ்சலம்மா, கடலுக்குப் போன போட்டு வந்துடுச்சா?"

"இப்பத்தான் கர ஏறுதுங்க."

"மீன் உண்டா?"

"இருக்குதுங்க. இன்னிக்கி நல்லாவே இருக்குது."

"அப்ப கூடைய ரொப்பிக்கினு வாங்க. எல்லாருமே வாங்க. மதில்கேட்டத் தொறந்துவைக்கச் சொல்றேன். பேசாம ரோட்டுக்குப் போங்க. யாரும் யாருக்கும் வழி காட்டக் கூடாது. நானும் பேச மாட்டேன்." பிறகு தணிகாசலத்தைப் பார்த்து, "ஒரு தடவ மட்டும். சம்மதமா?" என்றார்.

"போவட்டுமே. ஆளுக்கொரு பக்கமாத்தான் போவப் போறாங்க" என்று அவரும் தாராளமாகத் தலையாட்டிவிட்டு, மறுபடி கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தார்.

கிழக்கு கேட் திறந்தது. பெண்கள் கூடைகளோடு வந்தார்கள். கூடையிலிருந்து ஈரம் கழுத்தில் வழிந்தது. கனத்த சுமை. கேட்டைத் தாண்டியதும் வடக்கேயும் போகவில்லை, தெற்கேயும் போகவில்லை. மழைத்தண்ணீர் தேங்கும் பள்ளத்தை ஒதுக்கி, மணல் இறுகிக் கெட்டியாக இருந்த மேட்டோரமாக வளைந்தார்கள். பிறகு நிழல் விழும் பக்கமாகத் திரும்பினார்கள். கடைசியில் வந்தவர்கள் முன்னால் போனவர்களைப் பார்க்காதபடி ஐயா கொஞ்சம் இடைவெளி விட்டு அனுப்பியிருந்தார். அவர்களும் அதே மேடு, அதே வளைவு. வெறுங்கையோடு நிற்பவனுக்கு எல்லாத் திசையும் வழிதான். தலையில் பாரம் இருக்கிறவளுக்குக் கால் புதையாத இடம்தான் வழி.

நான் அவர்கள் பின்னாலேயே போய் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு குச்சியை நட்டுக்கொண்டு வந்தேன்.

முன்னால் போன அஞ்சலை சட்டென்று நின்றார். இடைவெளி விட்டு வந்த கூடைகளும் ஒவ்வொன்றாக வந்து அவருக்குப் பின்னால் வரிசையாக நின்றன. எதிரே கீற்றுக் கொட்டகை. உள்ளே காபித் தம்ளரோடு தணிகாசலம்.

"இன்னாங்க மொதலாளி, வழியில வந்து குந்திக்கினு!" என்றார் அஞ்சலை.

பேசக் கூடாது என்று சொல்லியிருந்ததும் அஞ்சலைக்கு மறந்துவிட்டது. முதலில் சிரித்தவர் தணிகாசலம்தான். வயிறு குலுங்கச் சிரித்தார். எழுந்து வெளியே வந்து, வரிசையின் கடைசிவரை எட்டிப் பார்த்தார். ஏழுமலை பக்கத்தில் நின்ற பல்லக்குத் தூக்கிகள் இரண்டு பேர் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவர் சொன்னார்: "தோள்ல பாரம் இருந்தா நாங்களும் இந்த மேட்டத்தான் புடிப்போம் தலைவரே. கொஞ்சம் தெக்கால பாத்து சொல்லிட்டீங்க." ஏழுமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நானும் அதான் சொன்னேன்" என்றார்.

அப்புறம் கொட்டகையில் எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். தணிகாசலம் இரண்டு கேட்டார். ஒன்று, பாதையின் இரு பக்கமும் வேலி. இரண்டு, கார் வரக் கூடாது.

"எங்களுக்கு எதுக்குங்க காரு?" என்றார் அஞ்சலை.

"சாமிக்கு வழி அகலம் வேணுமே" என்று ஏழுமலை இழுத்தார். கார் போக முடியாத வழியில் பல்லக்கு எப்படிப் போகும்? அதற்கு மட்டும் எனக்கு ஒரு யோசனை வந்தது. பல்லக்குத் தூக்கிகளைக் கூப்பிட்டுத் தோள் உயரத்தை அளந்தேன். பாதையின் வாயில் இடுப்பளவு உயரத்தில் கல் தூண்களை நட்டால் போதும். தூக்கிகள் தூண்களுக்கு இடையில் நடப்பார்கள். பல்லக்கு தூண்களுக்கு மேலே மிதந்து போகும். கார் மட்டும் வெளியே நிற்கும். ஐயா என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். அவர் பாராட்டு அவ்வளவுதான்.

தணிகாசலம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சேலைக்குக் கர வேணும்னா ஒடல்ல கொஞ்சம் வுட்டுத்தான் ஆவணும். எழுதிக்கோங்க. நான் பஞ்சாயத்துக்குத் தானமாவே எழுதித் தர்றேன்" என்றார். வாக்குமூலத்தை அவரே படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார்.

மை காய்ந்த பிறகு என்னைப் பார்த்து, "ஆமாம்மா, நீங்க பிள்ளையார்பாளையம்தானே? நம்ம குமரன் அண்ணி இல்ல? சேலையில கரய சேத்து அவன் கோர்வ போட்டா தனியாத் தெரியும். இப்ப இன்னா நெய்யிறான்?" என்று கேட்டார்.

"சொசைட்டி சேல நெய்யிறாருங்க. உங்க கடையில பாவு இல்லன்னு சொல்லிட்டாங்களாம்."

அவர் முகம் மாறியது. கடை மேலாளர் முதலாளியைக் குளிர்விக்கத் தானாகவே செய்த வேலை அது என்று பிறகு தெரிந்தது. மறுநாள் அந்த மேலாளரே பாவைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் நின்றார். குமரன் நாற்காலி போட்டு, காபி கொடுத்து, "ஏத்துன பாவு எறங்கட்டுங்க. அப்பறம் நானே வர்றேன்னு மொதலாளி கிட்ட சொல்லுங்க" என்று அனுப்பிவைத்தான். அன்று ராத்திரிச் சோற்றோடு மாமியாரின் பேச்சும் வந்தது. சேர்த்துவைத்த பேச்சு எல்லாம் ஒன்றாக வந்ததால் சாப்பிட்டு முடிக்க நேரமாகிவிட்டது.

தானப் பத்திரம் பதிவானது. நான் அளந்து உட்பிரிவு செய்தேன். பக்கத்து வட்டத்துச் சர்வேயர் மறுபடி அளந்து, "சரியா இருக்குதும்மா" என்றார். மணலில் கல் நிற்காது என்பதால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஆழக் குழி எடுத்துக் காங்கிரீட் போட்டு நட்டோம். கல் நடும் நாளில்தான் ஏழுமலை ஐயாவைத் தனியாகக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"ஐயா, பேரேட்டுல 'கோயில் பாத'ன்னு எழுதிடுங்க. சாமி போற வழி. மீன்காரங்க போயிட்டுப் போறாங்க. காலனி ஆளுங்க வேற வழியா போயிக்கட்டும்."

கொஞ்சம் தள்ளி, குழியிலிருந்து மண்ணை வாரிக்கொண்டிருந்தார் ஆரோக்கியம். காலனியிலிருந்து தினமும் கரைவலை இழுக்கப் போகிறவர். அவர் காதிலும் இது விழுந்தது. மண்வெட்டி நின்றது. நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. பெயரில் ஒரு சொல்லை மாற்றினால் இத்தனை பாடும் பாதி ஆட்களுக்கு மதிலாகிவிடும்.

ஐயா குரலை உயர்த்தவில்லை. "ஏழுமலை, நான் கோயிலுக்கு வர்றவன் இல்லியே. சர்ச்சுக்குப் போறவன். எனக்குக் கடலுக்குப் போவ ஆச வந்தா எந்த வழியா போறது?"

"ஐயா, நீங்க எப்பிடி வேணா வரலாம். இது உங்க வழி."

"அப்ப ஆரோக்கியத்துக்கும் இதான் வழி. அவரும் எங்க சர்ச்சுதான்." என் பக்கம் திரும்பி, "எழுதும்மா. பொதுப்பாதை" என்றார்.

நான் ஏழுமலை பார்க்கப் பெரிய எழுத்தில் எழுதினேன். ஆரோக்கியத்தின் மண்வெட்டி மறுபடி இயங்க ஆரம்பித்தது. அடுத்த கல்லை அவர்தான் தூக்கிக் குழியில் இறக்கினார். நேராக நிற்கிறதா என்று குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

அந்த மாசி மகத்துக்கு ஊர்க்காரர்கள் எங்களையும் அழைத்தார்கள். நிலம் கொடுத்ததற்கு மரியாதையாக, சாமியை வழியில் நிறுத்திப் பூசை செய்யும் மண்டகப்படி அங்கே தணிகாசலத்துக்கு. பாதையோரத்தில் பந்தல் போட்டு, பட்டு வேட்டி கட்டி, தாம்பாளத்தில் கற்பூரம் வைத்துச் சாமிக்காகக் காத்திருந்தார். பல்லக்கு தூண்களுக்கு மேலே அலுங்காமல் வந்தது. தூக்கிகள் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். மேளம் முழங்க அது பந்தலை நெருங்கி, அவர் கற்பூரத்தை ஏற்றிய நேரம், கடல் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் எதிரே வந்தது. அஞ்சலை, அவருக்குப் பின்னால் மற்ற பெண்கள், தலை நிறையக் கூடை. கடைசியில் வலைக்கயிற்றைத் தோளில் சுற்றிய ஆரோக்கியம். படகு அன்று தாமதமாக வந்திருக்கிறது.

பாதையோ குறுகல். இரு பக்கமும் வேலி. ஒருவர் ஒதுங்கினால்தான் மற்றவர் போக முடியும். மேளக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டு ஏழுமலையைப் பார்த்தார். நான் ஐயாவைப் பார்த்தேன். ஐயா ஏழுமலையைப் பார்த்தார்.

அஞ்சலை கூடையை இறக்கவும் முடியாமல், கும்பிடவும் முடியாமல், "சாமி, மன்னிச்சிக்கோ. மீனு கெட்டுடும்" என்றார்.

ஏழுமலை ஈரம் சொட்டும் கூடையைப் பார்த்தார். பிறகு தூக்கிகளைப் பார்த்துக் கத்தினார். "இன்னாப்பா மரமாட்டம் நிக்கிறீங்க? பல்லக்க ஓரமா ஒதுக்குங்க. கடலு எங்கியும் போயிடாது. பஸ்ஸு போயிடும்."

பல்லக்கு வேலியோரமாக ஒதுங்கி நின்றது. கூடைகள் ஒவ்வொன்றாகச் சாமியைக் கடந்து போயின. அஞ்சலை கூடையின் தண்ணீர் ஏழுமலையின் புது வேட்டியில் சொட்டியது. அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பாத்துப் போம்மா" என்றார். கடைசியாக வந்த ஆரோக்கியமும் பல்லக்கைத் தாண்டி ரோட்டுப் பக்கம் நடந்தார்.

அதற்குள் தாம்பாளத்தில் கற்பூரம் எரிந்து அடங்கிவிட்டது. தணிகாசலம் சிரித்துக்கொண்டே இன்னொன்றை ஏற்றினார்.